சிலந்தியும் சிலந்திக் கடியும்

சிலந்தி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. எட்டுக் கால்களால் ஊர்ந்து வலை பின்னும் உயிரை அது குறிக்கும். உடலில் எழும் கட்டியையும் புண்ணையும் அதே சொல் குறிக்கும். குடிநீரின் வழியே உடலுக்குள் புகுந்து, காலில் புண்ணாக வெளிப்படும் புழு நோயை நம் முன்னோர் 'நரம்புச் சிலந்தி' என்றே அழைத்தனர். அந்நோய் இந்தியாவில் 1996 ஆம் ஆண்டோடு நின்றது. 2000 ஆம் ஆண்டில் இந்தியா அதிலிருந்து விடுபட்ட நாடென அறிவிக்கப்பட்டது. நோய் ஒழிந்தது. ஆனால் சொல்லில் இருந்த குழப்பம் ஒழியவில்லை. இன்றும் நம் தோட்டப்புறங்களில், காரணம் புலப்படாத கொப்புளம், வீக்கம், கருத்த புண் ஆகிய அனைத்திற்கும் 'சிலந்தி கடித்துவிட்டது' என்று சொல்லும் வழக்கம் இருந்து வருகிறது. இதனால் சிலந்திக்கு நேரும் அவப்பெயர் ஒருபுறம் இருக்க, மனிதருக்கு நேரும் தீங்கே நம் கவலைக்குரியது.

சில ஆண்டுகளுக்கு முன் கெடா மாநிலத்துத் தோட்டமொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். அங்கே விடியுமுன் மரம் சீவச் சென்ற அம்மையார் ஒருவரின் புறங்காலில் சருகுகளுக்கிடையே ஏதோ சுருக்கெனத் தைத்திருக்கிறது. தலைவிளக்கின் ஒளியில் அவர் குனிந்து பார்த்தபோது, காலருகே சிலந்தி ஒன்று ஓடியிருக்கிறது. அதுவே கடித்தது என்று முடிவு செய்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, தம் நிரை முழுவதையும் சீவி முடித்திருக்கிறார். பால் எடுக்கும் நேரத்தில் கால் வீங்கியது. நண்பகலில் வீக்கம் முழங்காலை எட்டியது. ஈறுகளில் இரத்தம் கசிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற பிறகே அது பாம்புக் கடி எனத் தெரியவந்தது. நச்சுமுறி மருந்து ஏற்றப்பட்டு அவர் உயிர் பிழைத்தார். "அந்தச் சின்னப் பூச்சி மேல பழியப் போட்டுட்டு நான் பாட்டுக்கு வெட்டிக்கிட்டு இருந்தேங்கய்யா" என்று அவர் நம்மிடம் கூறினார். அவர் கூறியதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் சிலந்தியைப் பற்றி அறிந்துகொள்வோம். சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு, சிலந்திக்கு எட்டு. பூச்சியின் உடல் மூன்று பகுதிகளாக அமைந்திருக்கும். சிலந்தியின் உடலோ இரண்டே பகுதிகளால் ஆனது. அதற்கு இறக்கையும் இல்லை, உணர்கொம்பும் இல்லை. வயிற்றின் பின்முனையிலுள்ள சிறு காம்புகளின் வழியே அது இழையை வெளிவிடுகிறது. எல்லாச் சிலந்திகளும் இழை விடும். எனினும் எல்லாச் சிலந்திகளும் வலை பின்னுவதில்லை. உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022 ஆம் ஆண்டில் 50,000 ஐத் தாண்டியது.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு நஞ்சு உண்டு என்பது உண்மையே. நஞ்சுச் சுரப்பி அறவே இல்லாத குடும்பமும் ஒன்று உண்டு. அது தன் இரையை இழையால் இறுகச் சுற்றியே கொல்கிறது. ஆனால் அந்நஞ்சு ஈயையும் கரப்பானையும் மயக்குவதற்கு ஏற்பட்டது. அதன் அளவோ மிகச் சிறிது. பல சிலந்திகளின் பற்கள் மனிதத் தோலைத் துளைக்கும் வலிமைகூட அற்றவை. சிலந்தி நம்மைத் தேடி வந்து கடிப்பதில்லை. நம் உடலுக்கும் உடைக்கும் இடையே சிக்கி நசுங்கும் தறுவாயில்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது.

நம் லயங்களில் மிகுதியான அச்சத்தை விளைவிப்பது, இரவில் சுவரில் கை அகலத்திற்குக் கால் பரப்பி நிற்கும் பழுப்புநிறச் சிலந்தியாகும். இது தட்டையான உடலுடையது, மின்னலென ஓடக்கூடியது, வலை பின்னாதது. முகத்தின் முன்புறம் வெண்மஞ்சள் நிறத்தில் மீசை போன்ற ஒரு கோடு இருக்கும். இதனை வேட்டைச் சிலந்தி என்பர். இதன் முதன்மையான உணவு கரப்பான் பூச்சி. கையால் பிடித்து நசுக்கினால் கடிக்கும். அக்கடி சிறிது நேரம் வலித்து அடங்கும். பெண் சிலந்தி தன் முட்டைப் பையை வில்லை போல வயிற்றின் அடியில் அணைத்துக்கொண்டே திரியும். அந்நிலையில் அதனைச் சீண்டாதிருப்பது நன்று.

கூரையின் மூலைகளில், மயிரிழை போன்ற நீண்ட கால்களுடன் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடலைக் கிடுகிடுவென ஆட்டும் மெலிந்த சிலந்தியையும் நாம் அறிவோம். உலகிலேயே கொடிய நஞ்சு இதற்குத்தான் உண்டென்றும், பல் குட்டையாதலால் கடிக்க இயலவில்லை என்றும் ஒரு கதை நாடு நாடாக உலவுகிறது. அதற்குச் சான்று ஏதுமில்லை. அது கொசுவையும் ஈயையும் பிடித்துத் தின்று மூலையில் வாழும் எளிய உயிர்.

தாவும் சிலந்தியை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. நம்முள் நடுவயதைக் கடந்தோர் பலர் சிறுவயதில் செடிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரு இலைகளைப் பிரித்து அதனைப் பிடித்து, தீப்பெட்டியில் இலைத்துண்டுடன் அடைத்து வைத்து, மாலையில் சண்டைக்கு விட்டவர்களே. முன்னங்கால்களை உயர்த்தி ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் அவ்வீரர்கள் ஆண் சிலந்திகள். அவற்றைக் கையில் ஏந்தி வளர்ந்த நாமே, இன்று நம் பிள்ளைகள் சிலந்தியைக் கண்டால் அலறும்படி பழக்கியிருக்கிறோம்.

இனி, நிரைகளுக்குச் செல்வோம். அதிகாலையில் மரத்துக்கு மரம் நடக்கையில், முகத்தில் வந்து ஒட்டும் வலிய வலை பெரும்பாலும் பொன்னிழைச் சிலந்தியினுடையது. வெயில் பட்டால் அதன் இழை பொன்போல் ஒளிரும். இரு மரங்களுக்கிடையே ஒரு மீட்டருக்கும் அகலமாக அது வலை கட்டும். பெண் சிலந்தியின் உடல் மட்டுமே 5 சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். கால்களையும் சேர்த்தால் உள்ளங்கையை நிறைக்கும். அதே வலையின் ஓரத்தில் நிற்கும் சிவந்த சிற்றுயிரைக் குஞ்சு என்று பலர் எண்ணுவர். அதுதான் ஆண்! உருவத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. இதன் கடியால் கடித்த இடத்தில் மட்டுமே வலி தோன்றும். முன்னே ஒரு குச்சியை நீட்டிக்கொண்டு நடக்கும் பழைய பழக்கமே வலை முகத்தில் படாதிருக்கப் போதுமானது.

புதரோரங்களில், கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் அமர்ந்து, வலையின் நடுவே வெண்ணிற வளைகோடுகளும் நெய்திருக்கும் வண்ணச் சிலந்தியும் தீங்கற்றதே. முசுறு எறும்புக் கூட்டத்தின் அருகே, எறும்பின் நிறமும் நடையும் கொண்ட ஓர் உயிரைக் கூர்ந்து பார்த்தால் எட்டுக் கால் தெரியும். எறும்பைக் கண்டு பறவைகளும் பிற வேட்டையாடிகளும் ஒதுங்குவதால், எறும்பு வேடம் பூண்டு வாழும் சிலந்தி அது. முன்னங்கால்களை உயர்த்தி உணர்கொம்பு போல் ஆட்டிக் காட்டும் அதன் நடிப்பைக் காண ஐந்து நிமிடம் நிற்பது வீண் பொழுதாகாது.

மரப்பொந்துகளிலும் வேரடி வளைகளிலும் மயிர் அடர்ந்த பெருஞ்சிலந்திகள் வாழ்கின்றன. இவற்றை மட்டும் சற்று மதித்து நடக்கவேண்டும். இவற்றின் பற்கள் பெரியவை. கடித்தால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும். சிலருக்குத் தசைப்பிடிப்பும் வரலாம். பொந்துக்குள் வெறுங்கையை நுழைக்காதவரை இவற்றால் நமக்கு இடர் இல்லை. இரவில்தான் இவை வாயிலுக்கு வந்து இரைக்காகக் காத்திருக்கும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. தைப்பூசத்தில் நாம் திரளும் பத்துமலையில், கோயில் குகைக்குச் செல்லும் படிகளை அடுத்து இருட்டுக் குகை ஒன்று உண்டு. அதன் சுவர்களில் இழையால் குழல் கட்டி, அதற்குக் கீல் வைத்தாற்போன்ற கதவும் அமைத்து வாழும் சிலந்தியை, ஆப்ரகாம் என்னும் ஆய்வாளர் 1923 ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு விவரித்தார். பத்துமலையின் பெயரையே அது தாங்கியுள்ளது. இதே குலத்தைச் சேர்ந்த மற்றொரு சிலந்தி அதற்கு முன்பே, 1849 இல், பினாங்குத் தீவிலிருந்து விவரிக்கப்பட்டது. கதவின் வாயிலிலிருந்து சில இழைகளை வெளியே விரித்து வைத்து, அவற்றில் ஏதேனும் ஒன்றில் பூச்சியின் கால் இடறினால் கதவைத் தள்ளிப் பாய்ந்து பிடிப்பது இதன் வழக்கம். இதன் வயிற்றின் மேல் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். மற்றச் சிலந்திகள் நெடுங்காலத்திற்கு முன்பே இழந்துவிட்ட அமைப்பு அது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிலந்திகளின் கற்பதிவுகளில் இத்தகைய உடலமைப்பே காணப்படுகிறது. காவடி ஏந்திச் செல்லும் நாம், அத்துணைத் தொன்மையான குடிகளின் வீட்டு வாசலைக் கடந்து செல்கிறோம்.

அப்படியானால் நம் நாட்டில் அஞ்சத்தக்க சிலந்தியே இல்லையா எனக் கேட்கலாம். கவனத்திற்குரியது ஒன்று உண்டு. பிற நாடுகளில் 'பழுப்பு விதவை' எனப் பெயர் பெற்ற சிலந்தி தீபகற்ப மலேசியாவில் காணப்படுவதை 2015 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். சரக்குகளோடும் வாகனங்களோடும் உலகெங்கும் பரவிவரும் இனம் இது. உடல் பட்டாணியைவிடச் சற்றே பெரிதாக, பழுப்பு நிறத்தில் புள்ளிகளோடு இருக்கும். கால்களில் கருவளையங்கள் தெரியும். வயிற்றின் அடியில் உடுக்கை வடிவில் செம்மஞ்சள் குறி ஒன்று உண்டு. அக்குறியைப் பார்க்கச் சிலந்தியைக் கையிலெடுத்துப் புரட்ட வேண்டா. முட்டைப் பையே போதிய அடையாளம். பட்டாணி அளவான வெளிறிய உருண்டையாக, மேலெல்லாம் சிறு முட்களுடன் அது இருக்கும். நாற்காலியின் அடி, பூச்சட்டியின் விளிம்பு, வேலி, பழைய தட்டுமுட்டுச் சாமான் ஆகிய இடங்களில் ஒழுங்கற்ற வலையை இது கட்டும். மிகவும் கூச்சம் உடையது; தொட்டால் சுருண்டு விழுந்துவிடும். கடித்தால் பெரும்பாலோருக்கு வலியும் சிவப்பும் தோன்றி மறையும். மிகச் சிலருக்குத் தசைப்பிடிப்பும் வியர்வையும் குமட்டலும் உண்டாகலாம். அவர்கள் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கைப்பேசியில் வந்து சேரும் அழுகிய கைகால் படங்களோ பெரும்பாலும் அமெரிக்காவின் வேறொரு சிலந்தியைப் பற்றியவை. அவற்றைக் கண்டு நம் வீட்டுச் சிலந்தியை அடிப்பது முறையன்று.

இனி, சிலந்தியின்மேல் பழி சுமத்திவிட்டு மறைந்து நிற்பவற்றைப் பார்ப்போம்.

இரவில் விளக்கொளியை நாடி வரும் சிறுவண்டு ஒன்று உண்டு. எறும்பு போன்ற உருவம்; கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி அமைந்த உடல். மலாய்மொழியில் இதனை 'செமுட் காயாப்' என்பர். காயாப் என்பது நாம் அக்கி என்று சொல்லும் நோயின் பெயர். இவ்வண்டு கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்திலோ கையிலோ ஊரும்போது நாம் அறியாமல் நசுக்கிவிட்டால், அதன் உடல்நீர் தோலைப் புண்ணாக்கும். எரிச்சலும் கோடு கோடான கொப்புளமும் உடனே தோன்றாமல் ஒரு நாள் கழித்தே தோன்றும். அதனால்தான் காரணம் தெரியாமல், 'சிலந்தி சிறுநீர் கழித்தது' என்று சொல்கிறோம். வண்டைக் கண்டால் ஊதிவிடுக. நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுக. கழுவாத கையால் கண்ணைத் தொடலாகாது.

இரண்டாவது, உண்ணிக் காய்ச்சல். லாலான் புல்லிலும் கைவிடப்பட்ட பழங்காட்டின் ஓரங்களிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகை உண்ணிக் குஞ்சு கடிப்பதால் இது பரவுகிறது. கடித்த இடத்தில் வலியே இல்லாமல், சுருட்டு நெருப்பால் சுட்டது போன்ற கரும்பொருக்கு ஒன்று தோன்றும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு ஆகிய மறைவிடங்களில் அது இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. ஏறத்தாழ பத்து நாட்களில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். மருத்துவம் செய்யாவிடில் உயிருக்கே கேடாக முடியும். இந்நோய் மலாயாவின் தோட்டங்களுக்குப் பழைய பகை. இதற்கு ஏற்ற மருந்து உண்டென்பது 1948 ஆம் ஆண்டில் நம் கோலாலம்பூரில் நடந்த ஆய்விலேயே மெய்ப்பிக்கப்பட்டது. இன்று எளிய மாத்திரைகளால் இது குணமாகிறது. ஆனால் நோயாளி 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லிவிட்டு, 'சிலந்திக் கடி' என எண்ணிய கரும்புண்ணை மறைத்துவிட்டால், மருத்துவர் எதைக்கொண்டு நோயை ஊகிப்பார்? வெட்கம் பாராமல் காட்டவேண்டும். புல்வெளியில் வேலை செய்ததையும் சொல்லவேண்டும்.

காரணமின்றி அடிக்கடி எழும் கட்டியும், ஆறாத புண்ணும் நீரிழிவின் அறிகுறியாகவும் இருக்கலாம். அத்தகையோர் இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதித்துப் பார்த்துக்கொள்க.

மூன்றாவதும் மிகக் கொடியதுமானது பாம்பு. தீபகற்பத்தின் வடபகுதியில், சிறப்பாகக் கெடா, பெர்லிஸ் பகுதித் தோட்டங்களில் சருகுக்குள் அசையாமல் கிடக்கும் குழிவிரியன் இனம் ஒன்று உண்டு. பழுப்பு உடலில் முக்கோண வடிவக் கருந்திட்டுகள் கொண்டது. ஆள் அருகே வந்தாலும் விலகி ஓடாததால் மலாய்க்காரர் அதனை 'மூடக் கோடரிப் பாம்பு' என்னும் பொருள்பட அழைக்கின்றனர். 1950 களிலும் 1960 களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ரீட், இப்பாம்பால் கடியுண்ட பலரை ஆராய்ந்தார். தோட்டத் தொழிலாளரே அவர்களுள் மிகுதியாக இருந்தனர். அவர் கண்டறிந்தவற்றுள் ஒன்றை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும். கடிபட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நஞ்சு ஏறவே இல்லை, அல்லது மிகச் சிறிதளவே ஏறியிருந்தது.

இதனால் விளங்குவது யாதெனில், பாம்பு கடித்த இருவருள் ஒருவர் சுண்ணாம்பு தடவினாலும் பிழைப்பார், மந்திரித்தாலும் பிழைப்பார், ஒன்றும் செய்யாவிடினும் பிழைப்பார். பிழைத்தவர் சுண்ணாம்பின் புகழைத் தோட்டமெங்கும் பரப்புவார். சுண்ணாம்பை நம்பி மடிந்தவரோ வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. தலைமுறை தலைமுறையாக நம்மிடையே கைவைத்தியத்தின் பெயர் நிலைத்து நிற்பதற்கு இதுவே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

ஆகவே இருளில் ஏதோ கடித்தது, கடித்ததைக் கண்ணால் காணவில்லை என்றால், அதனைப் பாம்புக் கடியாகவே கொண்டு நடக்கவேண்டும். அருகே சிலந்தி ஓடியது என்பது சான்றாகாது. உளியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த நிரையில் இருப்பவரைக் குரல் கொடுத்து அழைக்கவேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஒரு பலகையுடனோ தடியுடனோ சேர்த்துத் தளர்வாகக் கட்டலாம். இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்படி இறுகக் கட்டலாகாது. கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்போ மண்ணெண்ணெயோ தடவுவது ஆகிய யாவும் தீங்கே தரும். மோதிரம், மெட்டி, வளையல் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிடுக. பாம்பை அடித்துக்கொண்டு வரவேண்டிய தேவையில்லை; தொலைவில் நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் அதுவே போதும். 999 என்னும் எண்ணுக்கு அழைக்கலாம். மண்டோரின் அனுமதிக்கோ வெட்டு முடிவதற்கோ காத்திருத்தல் கூடாது. நாம் மேலே கூறிய அம்மையார் ஒருநாள் சம்பளத்தை இழக்க மனமின்றி நின்றார். பின்னர்ப் பல வாரச் சம்பளத்தை இழந்தார்.

கடித்தது சிலந்திதான் என்பதைக் கண்ணால் கண்டிருந்தால், சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, வலிக்குப் பெனடோல் போன்ற மாத்திரையை உட்கொண்டு கவனித்து வருக. வீக்கம் பரவுதல், தசைப்பிடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், கடிபட்டது சிறு குழந்தையாக இருந்தாலும், மருத்துவ நிலையத்திற்குச் செல்க.

மூடுகாலணியைக் காலையில் கவிழ்த்துத் தட்டிய பின்னரே அணிய வேண்டும். கையுறைக்கும் தலைவிளக்கின் வாருக்கும் இதுவே விதி. இவற்றுள் சிலந்தியைவிடப் பூரானும் தேளும் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. விறகையும் பழைய மங்குகளையும் வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்கலாகாது. சீவாத மரங்களில் மங்குகளைக் கவிழ்த்து வைக்கவேண்டும். அவற்றில் தேங்கும் மழைநீரில்தான் டெங்கிக் கொசு பெருகுகிறது. மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டு, அக்கொசுவைத் தின்னும் சிலந்தியைத் துடைப்பத்தால் அடித்துக் கொல்கிறோம். உலகிலுள்ள சிலந்திகள் ஆண்டொன்றுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை பூச்சி முதலிய சிற்றுயிர்களைத் தின்கின்றன என 2017 ஆம் ஆண்டு ஆய்வொன்று கணித்தது.

எனினும், குழந்தை உறங்கும் அறையில் பெரிய சிலந்தி நிற்கக் கண்டால் அமைதியாக இருக்க எல்லோராலும் இயலாது என்பதை நாம் உணர்வோம். வாயகன்ற பழைய பால்மா டின் ஒன்றை அதன்மேல் மெல்லக் கவிழ்த்து, சுவருக்கும் டின்னுக்கும் இடையே காலண்டர் அட்டையை நுழைத்து, அட்டையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் விறகுக் கொட்டகையின் பக்கம் விட்டுவிடலாம். வயிற்றடியில் வெள்ளை வில்லையோடு இருந்தால் சற்றுப் பொறுத்து எடுக்கவும். ஓட அஞ்சி அது தானே டின்னுக்குள் ஒடுங்கி நிற்கும்.